வயிற்றில் 350, மடியில் 600

மேலூர்ப் பக்கத்து ஊர்களில் முப்பது வருஷத்துக்கு மேல் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தேன். ஊருக்குள் எனக்கு 'நர்ஸம்மா' என்றுதான் பெயர். ஓய்வு பெற்ற மறுவருஷம் மகள் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்தாள். அதுவரை அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிவிட்டு எழுந்து போன சங்கதியையெல்லாம் என் அடுப்படியிலேயே செய்து காட்ட வேண்டியதாகிவிட்டது. சொல்லிவிட்டுப் போவது சுலபம், ஆக்கிப் போடுவதுதான் பாடு என்று அப்போதுதான் உறைத்தது.

முதலில் ஒரு கணக்கு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் சொன்னது. வழக்கமாகச் சாப்பிடுவதற்கு மேல் பிள்ளைத்தாச்சிக்கு நாலாம் மாதத்திலிருந்து நாளுக்கு 350 கலோரி கூடுதலாக வேண்டும். பிள்ளை பிறந்து தாய்ப்பால் கொடுக்கும் முதல் ஆறு மாதம் 600. அதற்கடுத்த ஆறு மாதம் 520. நம் வீடுகளில் நடப்பது இதற்கு நேர் தலைகீழ். வயிற்றில் இருக்கும்போது "ரெண்டு உசுருக்குச் சாப்பிடு தாயி" என்று சோற்றைக் குவிப்பார்கள். பெற்று மடியில் போட்ட மறுநாளே "பச்ச ஒடம்பு" என்று சொல்லி, ரசத்தையும் ரெண்டு பூண்டுப் பல்லையும் வைத்து மூடிவிடுவார்கள்.

350 என்றால் எவ்வளவு? ஒரு டம்ளர் பால், ஒரு அவித்த முட்டை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை. அவ்வளவுதான். இன்னொரு தட்டுச் சோறு அல்ல.

மசக்கை நாட்களில் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். முதல் மூன்று மாதம் சிசு கட்டைவிரல் நீளத்தைத் தாண்டாது. அது கேட்கிற தீனி கொஞ்சம். ஒரு கிலோ, ரெண்டு கிலோ இறங்கினாலும் வயிற்றுப் பிள்ளை பட்டினி கிடக்காது. காலையில் படுக்கையை விட்டு எழுவதற்கு முன்பே ரெண்டு வாய் பொரியோ வறட்டு ரொட்டியோ மென்றுவிட்டு, அரை மணி கழித்து எழச் சொல்லுங்கள். வாயில் வைத்ததெல்லாம் வெளியே வந்து, தண்ணீரும் தங்காமல், சிறுநீர் மஞ்சளாகி அளவும் குறைந்தால் மட்டும் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். அது மசக்கை தாண்டிய சங்கதி.

உடம்பின் வேலை மாறுவது அதற்கப்புறம்தான். முன்பாதியில் உடம்பு சேமிக்கும். இடுப்பிலும் தொடையிலும் கொழுப்பு ஏறும். அது சோம்பேறித்தனத்தில் வந்த சதை அல்ல, பின்னால் பாலாகப் போகிற முதல். பின்பாதியில் கதை வேறு. அதை எங்கள் ஊர்ப் பெண்களுக்கு நான் வாய்க்காலை வைத்துத்தான் சொல்வேன்.

பெரியாறு பிரதானக் கால்வாயில் கள்ளந்திரி வரைக்கும் இருபோகம். அதைத் தாண்டி மேலூர்ப் பக்கம் ஒருபோகம். கடைமடைக்காரன் வயலுக்குத் தண்ணீர் போக வேண்டுமானால் மேல்மடையில் ஷட்டரைக் கொஞ்சம் இறக்கித்தான் ஆக வேண்டும். இது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கர்ப்பத்தில் கடைமடை, வயிற்றிலிருக்கும் சிசு. மேல்மடை, தாயின் தசைகள். ஷட்டரை இறக்குவது நஞ்சுக்கொடி. அது சுரக்கிற ஹார்மோன்கள் தாயின் உடம்பில் இன்சுலினை அவ்வளவாக வேலை செய்யவிடாது. அதனால் சாப்பிட்ட சர்க்கரை தாயின் தசைக்குள் சட்டென்று போகாமல் ரத்தத்தில் கொஞ்சம் கூடுதல் நேரம் ஓடும், சிசு எடுத்துக்கொள்ளும். ஏழு, எட்டு மாதத்தில் இன்சுலினுக்கு உடம்பு அசைந்து கொடுப்பது ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. அதை ஈடுகட்ட கணையம் முன்பைவிட ரெண்டு மடங்குக்கு மேல் இன்சுலினைச் சுரந்து தள்ளுகிறது. பெரும்பாலானவர்களின் கணையம் இதைச் சத்தமில்லாமல் செய்துவிடும். செய்ய முடியாதவர்களுக்குத்தான் வாய்க்கால் கரை தாண்டி வழிகிறது. கர்ப்பகாலச் சுகர் என்பது அதுதான். இனிப்புத் தின்றதற்கு வந்த தண்டனை இல்லை. "நீ ஜிகர்தண்டா குடிச்ச, அதான்" என்று மருமகளை வையாதீர்கள்.

இதைச் சோதிக்கத்தான் குளுக்கோஸ் தண்ணீர். 75 கிராம் குளுக்கோஸை ஏறக்குறைய 300 மில்லி தண்ணீரில் கரைத்து, ஐந்திலிருந்து பத்து நிமிஷத்துக்குள் குடிக்க வேண்டும். அரசு முறையில் வெறும் வயிறாக வர வேண்டியதில்லை. ரெண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள், 140-ம் அதற்கு மேலும் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. முதல் தடவை பதியப் போகும்போதே ஒன்று, 24-லிருந்து 28 வாரத்துக்குள் இன்னொன்று. முதலாவது சரியாக இருந்தது என்று ரெண்டாவதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். ஷட்டர் இறங்குவதே அந்த வாரங்களில்தான், அதனால் ரெண்டாவதை விடவே கூடாது. குடித்த அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் மறுநாள் திரும்பச் செய்ய வேண்டும். அதற்குப் பிறகு எடுத்தால் பாதகமில்லை, சோதனை தொடரலாம். ரெண்டு மணி நேரமும் ஒரே இடத்தில் உட்காருங்கள். பாதித் தண்ணீரைக் கட்டடத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் ஊற்றிவிட்டு வந்து "குடிச்சாச்சு நர்ஸம்மா" என்று வாயைத் துடைத்தவர்களை எனக்குத் தெரியும். ஏமாந்தது நானில்லை.

தமிழ்நாட்டில் எல்லாப் பிள்ளைத்தாச்சிகளுக்கும் இந்தச் சோதனை என்று வந்தது 2007-ல். அதற்காகப் பல வருஷம் போராடியவர் சென்னை மருத்துவர் வி. சேஷையா. அவர் பிறந்த மார்ச் 10-ஐத்தான் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாகக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அது பத்து வருஷம் தாமதம். என் மகன் 1998-ல் பிறந்தபோது 4 கிலோ 100 கிராம். "நர்ஸம்மா பிள்ளை யானைக்குட்டி" என்று தெருவே வந்து பார்த்தது, நானும் பூரித்துப்போனேன். 2008-ல் எங்களுக்குக் குளுக்கோமீட்டர் பயிற்சி நடந்தது. முதலில் யார் விரல் நீட்டுவது என்று எல்லோரும் பின்வாங்க, சிரித்துக்கொண்டே நான் நீட்டினேன். 246. மதியச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு பஸ் ஏறினேன். பெரிய பிள்ளை பெற்றவளுக்குப் பின்னால் சர்க்கரை வரும் என்பது பாடத்தில் படித்ததுதான். பத்து வருஷமாக என் விரலை நானே குத்திப் பார்க்கவில்லை.

அதனால் மகளுக்கு 26-ம் வாரத்தில் 152 என்று வந்தபோது அவள் அழுதாள், நான் அழவில்லை. முதல் ரெண்டு வாரம் சாப்பாட்டை மாற்றிப் பார்ப்பார்கள். சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழித்து 120-க்குள் நின்றால் போதும். நிற்காவிட்டால் மாத்திரையோ இன்சுலினோ டாக்டர் எழுதுவார். "ஊசி போட்டா ஆயுசுக்கும் போடணுமாமே" என்ற பயத்தை விடுங்கள். ஷட்டரை இறக்கிய நஞ்சுக்கொடி பிரசவத்தோடு வெளியே வந்துவிடுகிறது, பெரும்பாலானவர்களுக்கு ஊசியும் அன்றோடு நின்றுவிடும்.

சாப்பாட்டில் முதலில் கை வைக்க வேண்டியது காலை இட்லியில். கர்ப்பத்தின் பின்பாதியில் காலை நேரத்தில்தான் உடம்பு இன்சுலினுக்கு ரொம்ப முரண்டு பிடிக்கும். அந்த நேரம் பார்த்து ஆறு இட்லி, சட்னி, மேலே சர்க்கரை போட்ட காப்பி என்றால் எகிறும். மகளுக்கு ரெண்டு இட்லி, கெட்டிச் சாம்பார், ஒரு முட்டை. பதினொரு மணிக்குத் தட்டாம்பயறுச் சுண்டல். மதியம் சோறு ஒரு கிண்ணம், அதே கிண்ணத்தால் காய் ரெண்டு, பருப்போ மீனோ ஒன்று. அயிரை மீன் கிடைத்த நாளில் சோறு கூடக் கேட்பாள், குழம்பைத்தான் கூட ஊற்றினேன். நாலு மணிக்கு மோரும் கடலையும். ராத்திரி கேப்பை அடை, முருங்கைக்கீரை தூக்கலாக. படுக்கும் முன் ஒரு டம்ளர் பால், சர்க்கரை இல்லாமல். ஒவ்வொரு வேளைக்கும் பின்னால் பத்துப் பதினைந்து நிமிஷம் வாசலிலேயே அங்கிட்டும் இங்கிட்டும் நடை. சுண்டலும் நடையும் சேர்ந்துதான் 112-க்குக் கொண்டுவந்தன.

ரெண்டு விஷயத்தில் ஊரே ஏமாறுகிறது. ஒன்று கருப்பட்டி. "அது சுகர் ஏத்தாது" என்பார்கள். ஏற்றும், அதுவும் சர்க்கரைதான். பருத்திப்பாலில் போட்டாலும் அப்படித்தான். இன்னொன்று கேப்பைக் களியும் கூழும். கேப்பை நல்லது என்று கூழாகக் கரைத்து மூன்று சொம்பு குடித்தால், சோற்றைவிட வேகமாக ஏறும். அங்கன்வாடிச் சத்துமாவில் வெல்லம் உண்டு. சுகர் இருப்பவர்கள் எவ்வளவு எடுக்கலாம் என்று கேட்டுக்கொண்டு சாப்பிடுங்கள். முத்துலட்சுமி ரெட்டி திட்டப் பெட்டகத்தில் வருகிற பேரீச்சம்பழமும் அப்படியே. சுகர் இல்லாத வீட்டில் அது மாமனார் வாய்க்குத்தான் போகிறது, அது வேறு கதை.

வளைகாப்பை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். ஏழாம் மாதம், ஷட்டர் இறங்கி முடிந்த நேரம். அன்றைக்கு இலையில் புளியோதரை, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்சோறு, சர்க்கரைப் பொங்கல். அஞ்சு வகை, அஞ்சும் சோறு. நிறுத்தச் சொல்ல எனக்கு மனசில்லை. ரெண்டாவது குளுக்கோஸ் சோதனையை வளைகாப்புக்கு முந்தியே முடித்துவிடுங்கள், இலையில் ஒவ்வொன்றிலும் ஒரு வாய் மட்டும் வையுங்கள். மிச்சத்தை வளையல் போட வந்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அதிகம் தின்பதைப் பற்றியே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பட்டினியும் அதே அளவு கெடுதல். சாப்பாட்டுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் வாய்க்கால் வற்றினால், பிள்ளைத்தாச்சியின் உடம்பு மற்றவர்களைவிடச் சீக்கிரம் கிணற்றில் இறைக்கத் தொடங்கிவிடும். கொழுப்பைக் கரைத்துத் தான் ஓட்டிக்கொண்டு, சர்க்கரையைப் பிள்ளைக்கு விட்டுவிடும். நமக்கு ரெண்டு நாள் பட்டினியில் நடப்பது அவளுக்கு ஒரு ராத்திரி நீண்டாலே நடக்கிறது. கொழுப்பு கரையும்போது வருகிற கீட்டோன் ரத்தத்தில் ஏறும், தலை சுற்றும், குமட்டும். ஒரு சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க முந்தின சாயங்காலமே விரதத்தோடு வந்த எட்டு மாதப் பெண் ஒருத்தி, விடியற்காலையில் தல்லாகுளம் கூட்டத்தில் என் தோளிலேயே சாய்ந்தாள். நீர்மோர்ப் பந்தல் பக்கத்தில் இருந்தது பிழைப்பு. மோரும் பானகமும் கொடுத்து, கால்மணியில் எழுந்து உட்கார்ந்தாள். "சாமி குத்தம் ஆயிருமோம்மா?" என்று அவள் மாமியார் கேட்டார். "பிள்ளைத்தாச்சிக்கு அழகர் விரதம் கேக்க மாட்டார்த்தா" என்றேன். வெள்ளிக்கிழமை விரதம், கார்த்திகை விரதம் எதுவானாலும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் காலைச் சாப்பாட்டுக்கும் நடுவில் பத்து மணி நேரத்துக்கு மேல் போகவிடாதீர்கள். படுக்கும் முன் பால் கொடுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

ரத்தம் பற்றிச் சுருக்கமாக. கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு நாற்பது, ஐம்பது சதவீதம் கூடும், ஆனால் அதில் தண்ணீர்ப் பங்குதான் அதிகம். அதனால் ஹீமோகுளோபின் கொஞ்சம் இறங்கிக் காட்டும். 11-க்குக் கீழே போனால் அது சோகை, விடக்கூடாது. இரும்பு மாத்திரை கர்ப்பத்தில் 180 நாள், பிறந்த பின் இன்னொரு 180 நாள். ரெண்டாவது 180-ஐ யாரும் போடுவதில்லை. இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாக விழுங்காதீர்கள், ரெண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். டீயோடும் இரும்பு சேராது. மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால், பயப்பட வேண்டாம். கறிக்கடையில் சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) கேட்டு வாங்கி வதக்கிக் கொடுப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம், நல்ல பழக்கம். ஏற்கெனவே தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் நாள் தள்ளிய வாரமே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், அளவைக் கூட்டுவார்கள். அந்த மாத்திரைக்கும் இரும்பு, கால்சியத்துக்கும் நாலு மணி நேரம் தள்ளி. ஒன்பதாம் மாதத்தில் யாராவது ஆர்வக்கோளாறில் 'மாஸ்டர் செக்கப்' எடுத்து, ட்ரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு ரெண்டு மூன்று மடங்கு என்று வந்தால் வீட்டில் அழுகை வேண்டாம். அந்த நேரத்தில் அது ஏறத்தான் செய்யும்.

பிரசவம். நஞ்சுக்கொடி வெளியே வந்த சில மணி நேரத்திலேயே ஷட்டர் தூக்கப்பட்டுவிடும். இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தவர்கள் அன்றைக்கே அளவைக் கேட்க வேண்டும். பழைய அளவைத் தன்னால் போட்டால் சர்க்கரை படுத்துவிடும். எடையில் அஞ்சாறு கிலோ உடனே போகும். முதல் வாரம் ராத்திரியில் புடவை நனைகிற அளவு வியர்க்கும், ஒன்றுக்கும் அடிக்கடி போவாள். சேர்த்து வைத்த நீரை உடம்பு வெளியே தள்ளுகிறது. காய்ச்சல் இருக்கிறதா என்று மட்டும் தொட்டுப் பாருங்கள்.

இனிமேல்தான் 600. பால் நன்றாகச் சுரக்கிற தாய் நாளுக்கு முக்கால் லிட்டர் கொடுக்கிறாள், ஒன்றரை ஆவின் பாக்கெட். அதில் போவது ஐந்நூறு கலோரி. எங்கிருந்து வரும்? கொஞ்சம் இடுப்பில் சேர்த்த முதலிலிருந்து, மிச்சம் தட்டிலிருந்து. இங்கேதான் நான் என் சம்பந்தியோடு மல்லுக்கட்டினேன். பத்தியத்தை ஒரேயடியாகத் தூக்கி எறியச் சொல்கிறவள் இல்லை நான். பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, முருங்கைக்கீரை, எள்ளு எல்லாம் சத்துதான். ஆனால் பருப்பு வாயு, முட்டை சூடு, பழம் சளி, தண்ணி குடித்தால் வயிறு பெருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கழித்தால் கடைசியில் தட்டில் சோறும் சாறும்தான் மிஞ்சும்.

சண்டை போட்டால் வேலைக்காகாது, சட்டத்துக்குள்ளேயே வழி பார்க்க வேண்டும். "பச்சத் தண்ணி ஆகாது" என்றார் சம்பந்தி. "சரிங்க மதினி, ஆகாதுதான்" என்றேன். ஓமமும் சீரகமும் போட்டுக் கொதிக்க வைத்து, ரெண்டு பெரிய பிளாஸ்கில் ஊற்றி, கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். அது மருந்து ஆகிவிட்டது, எவ்வளவு குடித்தாலும் கேள்வி இல்லை. பிள்ளை வாய் வைத்த மறுநிமிஷம் தாய்க்குத் தொண்டை வறளும், பால் இறங்க வைக்கிற அதே ஹார்மோனின் வேலை அது. அந்த நேரம் கைக்கெட்டும் தூரத்தில் டம்ளர் இருக்க வேண்டும். பருப்பு ஆகாது என்றவருக்குப் பாசிப்பருப்பைப் பூண்டோடு குழைத்து 'பூண்டுக் கூட்டு' என்று பெயர் வைத்தேன். முட்டைக்கு மிளகுத்தூள் தூவினேன். மிளகு போட்டால் சூடு தணிந்துவிடுமா என்று சம்பந்தி யோசித்திருக்கலாம், கேட்கவில்லை. ராத்திரி ரெண்டு மணிப் பாலுக்கு எழும்போது தின்ன ஒரு டப்பாவில் பொரிகடலையும் நிலக்கடலையும். அந்த நேரத்துப் பசி பொல்லாத பசி.

மதுரையில் மல்லிகைக்குப் பஞ்சமில்லை என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். பிள்ளை தங்காமல் போய், பால் கட்டிக்கொண்டு தவிக்கிறவளுக்கு மார்பில் மல்லிகைச் சரத்தை வைத்துக் கட்டுவார்கள். பாட்டி வைத்தியம் என்று சிரித்தவர்கள் உண்டு. 1980-களில் வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது, பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் அதில் இறங்கியது தெரிந்தது.

எடை எப்போது குறையும் என்று மூன்றாம் மாதமே கேட்பார்கள். பால் கொடுக்கும்போது மெல்லத்தான் குறையும். பட்டினி கிடக்காதீர்கள், நடங்கள். முடி கொத்தாகக் கொட்டுவதும் மூன்றாம் மாதவாக்கில்தான், தானாக நிற்கும். ஆனால் நாலைந்து மாதம் கழித்தும் படுத்தே கிடக்கத் தோன்றுவது, மற்றவர்களுக்கு வேர்க்கும்போது இவளுக்குக் குளிர்வது, காரணமில்லாமல் அழுகை என்று இருந்தால் தைராய்டு ரத்தச் சோதனை ஒன்று எடுத்துவிடுங்கள். பிரசவத்துக்குப் பின் தைராய்டு தடுமாறுவது உண்டு, "பிள்ளை பெத்த அலுப்பு" என்று மாதக்கணக்கில் தள்ளிப்போட்டுவிடுவார்கள்.

கர்ப்பத்தில் சுகர் இருந்தவர்களுக்குக் கடைசி வேலை ஒன்று பாக்கி. ஆறாவது வாரத்தில் இன்னொரு குளுக்கோஸ் சோதனை. என் மகனுக்குப் பின்னால் எனக்கு நடக்காமல் போனது அதுதான். பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு இவர்களுக்குப் பல மடங்கு அதிகம், பால் கொடுப்பதும் நடையும் அதைக் குறைக்கும். இதற்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். அதனால் பிள்ளைக்கு ஒன்றரை மாத ஊசி போடும் புதன்கிழமையன்றே இதையும் வைத்துக்கொள்ளுங்கள், முந்தின வாரமே நர்ஸிடம் சொல்லி வைத்துவிட்டு. இந்தத் தடவை வெறும் வயிறு வேண்டும். ராத்திரி பத்து மணிக்குச் சாப்பாட்டை முடித்துவிட்டு, தண்ணீர் மட்டும் குடிக்கலாம், பிள்ளைக்குப் பால் கொடுக்கலாம். வெறும் வயிற்றில் 126-ஓ அதற்கு மேலோ, இல்லை ரெண்டு மணி நேரத்தில் 200-ஓ அதற்கு மேலோ இருந்தால் சர்க்கரை நோய். ரெண்டு மணி அளவு 140-லிருந்து 199 வரை என்றால் வாசலில் நிற்கிறது என்று அர்த்தம். நன்றாக வந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும்.

மகளுக்கு 88, 131. அடுத்த வருஷத் தேதியைப் பிள்ளையின் தடுப்பூசி அட்டையிலேயே பென்சிலால் எழுதினேன், அது ஒன்றுதான் வீட்டில் தொலையாத காகிதம். போகும்போது தூக்குவாளியில் நாலு இட்லியும் மிளகாய்ப்பொடியும் எடுத்துக்கொள்ளுங்கள். ரெண்டாவது ரத்தம் எடுத்ததும் பெஞ்சிலேயே உட்கார்ந்து சாப்பிடலாம், அதற்குள் பிள்ளையை யாராவது வாங்கி வைத்துக்கொள்வார்கள்.